அரிப்புக்கு மருந்து எப்படி உருவாகிறது?

உடம்பு அரித்தால் பலரும் முதலில் தேடுவது அலர்ஜி மாத்திரையைத்தான். கொசுக்கடித் தடிப்புக்கும், திடீரென்று திட்டுத் திட்டாகக் கிளம்பிச் சில மணி நேரத்தில் அமுங்கிவிடும் தடிப்புக்கும் அது நன்றாகவே கேட்கும். ஆனால் எக்ஸிமா என்று நாம் சொல்கிற அட்டோபிக் டெர்மடைடிஸ், சோரியாசிஸ், கெட்டியான முடிச்சுகள் கிளம்பி வருடக்கணக்கில் அரிக்கும் ப்ரூரிகோ நோடுலாரிஸ் ஆகிய நோய்கள் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, அரிப்பு போகவில்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அது ஏன் என்று புரிந்துகொண்டால், புதிய தோல் மருந்துகள் எந்த யோசனையில் உருவாகின்றன என்பதில் பாதி புரிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிப்பை லேசாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வலிக்கிறது என்றால் உடனே பதறுகிறோம். அரிக்கிறது என்றால் "சொறியாதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாள்பட்ட அரிப்பு உள்ளவருக்கு இரவுத் தூக்கம் இல்லை, படிப்பிலும் வேலையிலும் கவனம் நிற்பதில்லை, நாலு பேர் முன்னால் கை நீட்டவே கூச்சம். மருத்துவ ஆராய்ச்சியும் வெகுகாலம் இதே அலட்சியத்தில்தான் இருந்தது. தோல் அழற்சியைக் கவனித்தால் போதும், அரிப்பு தானாகப் போய்விடும் என்ற எண்ணம். அரிப்புக்கு ஒரு சொந்தப் பாதை உண்டு என்று தெரிந்த பிறகுதான் நல்ல மருந்துகள் வரத் தொடங்கின.

சொறியத் தூண்டும் ஒரு விரும்பத்தகாத உணர்வு என்று அரிப்பை 1660-ல் வரையறுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர். இன்றைக்கும் மருத்துவர்கள் அந்த வரையறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த உணர்வு எப்படிப் பிறக்கிறது என்பதில் நீண்ட காலம் ஒரு தவறான கருத்து இருந்தது. வலியின் மெல்லிய வடிவம்தான் அரிப்பு, வலி நரம்பு லேசாகத் தூண்டப்பட்டால் அரிக்கும், பலமாகத் தூண்டப்பட்டால் வலிக்கும் என்று நினைத்தார்கள். 1997-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு, மனிதத் தோலில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைத் தூண்டும் வேதிப்பொருளைச் செலுத்தி நரம்பிழைகளின் மின்துடிப்பை ஒவ்வொன்றாக அளந்தது. ஊசியால் குத்தினாலும் அழுத்தினாலும் அசையாமல் கிடந்த சில மெல்லிய இழைகள், ஹிஸ்டமின் பட்டதும் துடிக்கத் தொடங்கி, அரிப்பு நீடித்த வரை துடித்துக்கொண்டே இருந்தன. இவை சி-இழைகள் என்ற வகை. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இவற்றில் செய்தி போகும். தொட்ட உணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகளோடு ஒப்பிட்டால் மிக மிக மெதுவான பயணம் இது.

அப்புறம் 2007-ல் எலிகளின் தண்டுவடத்தில் அரிப்புக்கென்றே இயங்கும் ஓர் ஏற்பியை, அதாவது செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை, அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகள் சூட்டையும் வலியையும் வழக்கம்போல் உணர்ந்தன. சொறிவது மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. வலியைத் தொடாமல் அரிப்பை மட்டும் குறைக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

சரி, அலர்ஜி மாத்திரை ஏன் வேலை செய்வதில்லை? அந்த மாத்திரை தடுப்பது ஹிஸ்டமின் என்ற ஒரே ஒரு வேதிப்பொருளை. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் அதைக் கக்குகின்றன, அது நரம்பைத் தூண்டுகிறது. ஆனால் அரிப்பு நரம்பைத் தூண்ட ஹிஸ்டமின்தான் வேண்டும் என்பதில்லை. பூனைக்காலிக் காயின் சுணை உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சுணையில் இருப்பது புரதத்தை வெட்டும் ஒரு நொதி. அது ஹிஸ்டமினைக் கூப்பிடாமல் நேராக வேறோர் ஏற்பி வழியாக நரம்பைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் அரிப்பு ஆய்வுக்கூடங்களில் இன்றும் பூனைக்காலிச் சுணைக்கு இடம் இருக்கிறது. தன்னார்வலர்களின் கையில் சில சுணைகளைப் பதித்து, ஹிஸ்டமின் அல்லாத அரிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் சிலருக்குக் கடுமையாக அரிப்பதும் இதே போல ஹிஸ்டமினைச் சாராத பாதையில்தான். எக்ஸிமாவின் அரிப்பும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. ஹிஸ்டமினுக்கான மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. பழைய வகை மாத்திரைகள் தரும் தூக்கக் கலக்கத்தால் இரவில் கொஞ்சம் கண்ணயரலாம், அவ்வளவுதான்.

யார் அனுப்பும் செய்தி?

அழற்சி என்றால் உடலின் எதிர்ப்பாற்றல் செல்கள் ஓரிடத்தில் கூடிச் சண்டை போடுவது என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். கிருமி வந்தால் அது தேவைதான். எக்ஸிமாவிலும் சோரியாசிஸிலும் அந்தச் சண்டை அடங்குவதே இல்லை. எதிர்ப்பாற்றல் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சைட்டோகைன் எனப்படும் சிறிய புரதங்கள் மூலமாக. ஒரு செல் அதை வெளியே விடும். இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பியில் அது போய் ஒட்டும். ஒட்டியதும் அந்தச் செல்லுக்குள் கட்டளை இறங்கும். தோல் நோய்க்கு மருந்து உருவாக்குவது என்றால், நூற்றுக்கணக்கான இந்தச் செய்திகளில் நோயை உண்மையிலேயே நடத்துவது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வெட்டுவது.

சோரியாசிஸில் இது எப்படித் தெரியவந்தது என்பது சுவையான கதை. அதைத் தோல் செல்கள் தறிகெட்டு வளரும் நோய் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1979-ல் மூட்டு நோய்க்காகச் சிலருக்கு சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கிருந்த சோரியாசிஸும் அடங்கியது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, டி-செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களை அடக்கப் பயன்படும் மருந்து அது. அப்படியானால் டி-செல்தான் நோயை நடத்துகிறதோ என்ற கேள்வி எழுந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், இண்டர்லூகின்-23 என்ற சைட்டோகைன் தூண்ட, இண்டர்லூகின்-17 என்ற இன்னொன்று வெளிவந்து தோலைக் கிளறுகிறது என்ற சங்கிலியைக் கண்டார்கள். 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் 2015-லும், 23-ஐத் தடுக்கும் குசெல்குமாப் 2017-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த வகை மருந்துகள் வந்த பிறகு சோரியாசிஸ் சிகிச்சையின் அளவுகோலே மாறியது. நோய் 75 சதவீதம் குறைந்தால் வெற்றி என்று வைத்திருந்ததை 90 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள்.

எக்ஸிமாவின் சங்கிலி வேறு. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் கண்டறிந்தார்கள். அடுக்கு ஓட்டையானால் ஈரம் வெளியே போகும். தூசும் கிருமியும் உள்ளே நுழையும். இதற்கு எதிர்வினையாக இண்டர்லூகின்-4, 13, 31 ஆகியவை பெருகும். 31-ஐ அதிகமாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகள், முடி உதிர்ந்து தோல் புண்ணாகும்வரை சொறிந்துகொண்டே இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. இன்னொரு முக்கியமான உண்மை 2017-ல் வெளிவந்தது: இண்டர்லூகின்-4-க்கான ஏற்பி எதிர்ப்பாற்றல் செல்களில் மட்டும் இல்லை, அரிப்பைக் கடத்தும் நரம்புகளிலும் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் செல் பேசுவதை நரம்பு நேரடியாகவே கேட்கிறது என்று பொருள்.

இதில் சொறிவதற்கும் ஒரு பங்கு உண்டு. நகம் பட்டுக் கிழிந்த மேல்தோல் செல்கள் அபாயச் செய்திகளை வெளியே விடுகின்றன. அது இன்னும் அழற்சியைக் கூட்டும், அழற்சி இன்னும் அரிக்க வைக்கும். "சொறியாதே" என்ற அறிவுரை மருத்துவப்படி சரிதான். ஆனால் அந்த வளையத்துக்குள் மாட்டியவரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொடுமை.

எங்கே வெட்டுவது?

பழைய வழி, எல்லாவற்றையும் ஒன்றாக அடக்குவது. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசலாம் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து ஸ்டீராய்டு களிம்புதான் தோல் மருத்துவத்தின் முதல் ஆயுதம். அது நல்ல மருந்து. ஆனால் அது ஒரு செய்தியை மட்டும் வெட்டுவதில்லை, பல மரபணுக்களின் வேலையை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. வீரியமானதை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோவது அதனால்தான்.

புதிய வழிகளில் ஒன்று, செல்லுக்கு வெளியிலேயே செய்தியைப் பிடித்துவிடுவது. இதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற பெரிய புரதத்தை ஆய்வகத்தில் செல்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். டுபிலுமாப் இந்த வகை. இண்டர்லூகின்-4, 13 இரண்டும் வெவ்வேறு ஆட்களாக இருந்தாலும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. டுபிலுமாப் அந்தக் கதவை மூடிவிடுகிறது. 2017 மார்ச்சில் பெரியவர்களின் எக்ஸிமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெமோலிசுமாப் இன்னும் குறிப்பானது. இண்டர்லூகின்-31-இன் ஏற்பியை மறிக்கிறது. 2022-ல் ஜப்பான் அதற்கு அனுமதி தந்தபோது, எக்ஸிமாவின் 'அரிப்புக்கு' என்றே எழுதித் தந்தது. அரிப்பு என்ற உணர்வையே நேரடி இலக்காக ஏற்றுக்கொண்ட ஒப்புதல் அது. அதனால்தான் எனக்கு அது பெரிய திருப்பமாகப் படுகிறது.

இன்னொரு வழி, கதவைத் தாண்டி உள்ளே வந்த கட்டளையைச் செல்லுக்குள் தடுப்பது. ஏற்பியின் உட்பக்கத்தில் ஜானஸ் கைனேஸ், சுருக்கமாக ஜேக், என்ற நொதிகள் காத்திருக்கும். நான்கு வகை ஜேக்குகள்தான் பல டஜன் சைட்டோகைன்களுக்கும் பொது ஊழியர்கள். ஒரு ஜேக்கைத் தடுத்தால் பல செய்திகள் ஒன்றாக அடங்கும். அதனால் அரிப்பு வேகமாகக் குறைகிறது, சிலருக்குச் சில நாட்களிலேயே. ஆபத்தும் அங்கேதான். ஜேக்-2 தடைபட்டால் ரத்த அணுக்களின் உற்பத்தியே பாதிக்கப்படலாம். அதனால் எக்ஸிமா மருந்துகளை ஜேக்-1 மீது மட்டும் குறிவைக்க வேதியியலாளர்கள் மெனக்கெடுகிறார்கள். உபடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் என்ற மாத்திரைகள் 2022-ல் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு அப்படி அனுமதி பெற்றவை. இருந்தும் கடும் தொற்று, ரத்தக்கட்டு, இதய நோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை பெட்டி போட்டு அந்த மாத்திரைகளின் குறிப்பேட்டில் அச்சாகியிருக்கிறது.

களிம்பா, ஊசியா, மாத்திரையா என்பது மருந்து நிறுவனத்தின் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். தோலின் மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது, ஆனால் யாரையும் எளிதில் உள்ளே விடாது. 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைக் கடப்பது கடினம் என்பது களிம்பு தயாரிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஹைட்ரோகார்ட்டிசோன் 362 டால்டன், போய்விடும். களிம்பாக வந்துவிட்ட ருக்சோலிட்டினிப் என்ற ஜேக் தடுப்பான் 306, அதுவும் போய்விடும். ஆன்டிபாடியோ ஏறத்தாழ 1,50,000 டால்டன்! எவ்வளவு பூசினாலும் மேலேயே நிற்கும். விழுங்கினால் வயிறு அதைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். அதனால்தான் ஊசி. எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு 804 டால்டன், கணக்குப்படி போகக் கூடாது. ஆனால் எக்ஸிமாவால் ஓட்டையான தோலில் நுழைந்துவிடுகிறது, தோல் ஆற ஆற நுழைவது குறைகிறது. நோயாளிக்கு இது ஒருவகையில் நல்லதுதான்.

எலியின் கன்னத்திலிருந்து மனிதர் வரை

இலக்கு கிடைத்துவிட்டது, மூலக்கூறும் தயார். அது அரிப்பைக் குறைக்கிறதா என்று எலியிடம் எப்படிக் கேட்பது? முதுகில் ஊசி போட்டால் எலி சொறியும். வலியால் சொறிகிறதா, அரிப்பாலா என்று தெரியாது. 2008-ல் இதற்கு அழகான ஒரு வழி வந்தது. ஊசியைக் கன்னத்தில் போடுவது. வலித்தால் எலி முன்னங்காலால் கன்னத்தைத் துடைக்கும். அரித்தால் பின்னங்காலைத் தூக்கிச் சொறியும். எந்தக் கால் எழுகிறது என்று எண்ணினால் போதும்.

ஆனால் எலியின் தோல் மனிதத் தோல் இல்லை. மெல்லியது, ரோமம் அடர்ந்தது, எதிர்ப்பாற்றல் செல்களின் கலவையும் வேறு. எலியில் நன்றாக வேலை செய்து மனிதரில் தோற்ற மருந்துகள் நிறைய. மனிதர்களிடம் வரும்போது மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பும் அளவும், இரண்டாவதில் நோயாளிகளிடம் பலன் தெரிகிறதா என்பது, மூன்றாவதில் நூற்றுக்கணக்கானோரிடம் போலி மருந்தோடு, அதாவது மருந்தைப் போலவே தோன்றினாலும் உள்ளே மருந்தே இல்லாத ஒன்றோடு, ஒப்பிடுவது. எந்தத் துறையானாலும் முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்று போலத்தான் கடைசிவரை போய்ச் சேரும்.

அளவிடுவதுதான் அரிப்பில் பெரிய சிக்கல். ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு, அரிப்புக்கு இல்லை. "கடந்த 24 மணி நேரத்தில் உங்கள் அரிப்பு அதிகபட்சம் எவ்வளவு?" என்று கேட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்கிறார்கள். நான்கு புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தோலின் நிலையை மருத்துவர் தனியாக மதிப்பிடுவார்: சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், எவ்வளவு பரப்பு என்று. இதில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கருத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்தோ, சாம்பல் பழுப்பாகவோ தெரியும். சிவப்பை வைத்து மதிப்பெண் போட்டால் நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களின் நோய் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். பல சோதனைகளில் வெளிர் நிறத்தவர்களே அதிகம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது நியாயம் பற்றிய கேள்வி மட்டுமில்லை, முடிவு எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வியும்கூட.

போலி மருந்து எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. டுபிலுமாபின் இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளைப் பார்ப்போம். 16 வாரத்தில் தோல் முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ தெளிந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 38 சதவீதமும் 36 சதவீதமும். போலி ஊசி பெற்றவர்களில் 10 சதவீதமும் 8 சதவீதமும். மருந்தே இல்லாமல் பத்தில் ஒருவருக்குத் தெளிந்திருக்கிறது! எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய், அத்தோடு நம்பிக்கையும் கவனிப்பும் உடம்பில் வேலை செய்யும். அரிப்பில் இந்த விளைவு இன்னும் தெளிவு. ஜப்பானில் நடந்த நெமோலிசுமாப் சோதனையில் எல்லோரும் வழக்கமான களிம்பையும் பூசிக்கொண்டார்கள். அரிப்பு மருந்துக் குழுவில் 42.8 சதவீதமும், போலி ஊசிக் குழுவில் 21.4 சதவீதமும் குறைந்தது. ஒப்பிட ஆள் இல்லாமல் "இதைப் பூசினால் அரிப்பு பாதியாகக் குறைந்தது" என்று யார் சொன்னாலும், அதில் எவ்வளவு அந்த மருந்தால் வந்தது என்று தெரியாது.

தோல்விகளையும் பேசாமல் விட்டால் கதை முழுமையாகாது. நரம்பு முனைகளில் சப்ஸ்டன்ஸ்-பி என்ற பொருளின் வேலையைத் தடுக்கும் செர்லோபிட்டண்ட், ப்ரூரிகோ நோடுலாரிஸின் இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. 2020-ல் மூன்றாம் கட்டத்தில் போலி மருந்தைத் தெளிவாக வெல்ல முடியாமல் நின்றது. டிஎஸ்எல்பி என்ற அபாயச் செய்தியைத் தடுக்கும் டெசெபெலுமாப், ஆஸ்துமாவுக்கு 2021-ல் மருந்தாகிவிட்டது. எக்ஸிமாவில் போதிய பலன் காட்டவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி இருக்கிறது என்பதும், அதை வெட்டினால் சங்கிலி நின்றுவிடும் என்பதும் ஒன்றல்ல. எஃபாலிசுமாபின் கதை இன்னும் கனமானது. டி-செல்கள் ரத்தக் குழாயிலிருந்து தோலுக்குள் நுழைவதைத் தடுத்த சோரியாசிஸ் மருந்து அது. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில நோயாளிகளுக்கு மூளையில் அரிதான, உயிரைப் பறிக்கும் வைரஸ் தொற்று வந்தது. 2009-ல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். சில நூறு பேரிடம் நடக்கும் சோதனையில் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு தெரியாமல் போகலாம். சந்தைக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பது இதற்காகத்தான்.

இப்போது இருக்கும் மருந்துகளுக்கு ஒரு பொதுவான எல்லை உண்டு. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு நோய் திரும்புகிறது. சோரியாசிஸ் உள்ளவர்கள் இதைத் துல்லியமாகக் கவனித்திருப்பார்கள்: முன்பு எந்த முழங்கையில், எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்ப வரும். தோல் தெளிந்து பார்வைக்கு ஒன்றுமில்லாமல் ஆன பிறகும், அந்த இடத்தில் சில டி-செல்கள் நினைவோடு தங்கிவிடுகின்றன. மருந்து அவற்றின் வாயை அடைத்து வைத்திருந்ததே தவிர, அவற்றை அனுப்பவில்லை. இந்த நினைவு செல்களையே குறைக்க முடியுமா, நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் பலமான மருந்தைக் கொடுத்தால் அவை உருவாகாமலே தடுக்கலாமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். டி-செல் நீண்ட காலம் உயிரோடிருக்க உதவும் ஓஎக்ஸ்40 என்ற ஏற்பியைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் எக்ஸிமாவில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போயிருக்கின்றன. அவற்றில் பார்க்கப்படுவது 16-ஆம் வாரத்தில் தோல் எவ்வளவு தெளிந்தது என்பது மட்டுமில்லை. மருந்தை நிறுத்தியபின் எத்தனை மாதம் அரிக்காமல் இருக்கிறது என்பதும்தான்.